நாற்பத்து மூன்றாவது ஐட்டம்

அன்றைய வழக்குப் பட்டியலில் முப்பத்தோராவது ஐட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. சுவரில் மாட்டிய பலகையில் முப்பத்தொன்று என்ற சிவப்பு எண் இருபது நிமிஷமாக அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஏதோ கோவில் நிலத்துக் குத்தகை. வாதாடிய பெரியவர் ஒரே தீர்ப்பை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தடவையும் நீதிபதிக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. இரண்டாவது வரிசையில், ஏசி காற்று நேரே பிடரியில் அடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வக்கீல் சந்திரபோஸ் கோட்டின் உள்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதம் இருந்தது. எங்கே போகும்? பதினோரு வேலை நாளாக அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில், இன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு கோர்ட் எழுந்ததும் நேரே பதிவாளர் அறைக்குப் போய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்வார். ஒரு மணிக்கு ஏதாவது ஒன்று வந்து நிற்கும். ஒரு நாள் பதிவாளர் விடுப்பு. ஒரு நாள் மழை. மழைக்கும் மாடிப்படி ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி தமயந்தி கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தார். கடிதத்தில் நாலே வரி. உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு என் பெயரைப் பரிந்துரைக்க மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த சம்மதத்தை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விஷயம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் மரியாதை. இந்த நாலு வரியை எழுத அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

'பேரு போயிருக்கு' என்பார்கள் கோர்ட் வளாகத்தில். யார் பெயர், எங்கே போயிருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, அப்போதைய தலைமை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் தட்டை இவர் பக்கம் நகர்த்தி, "உங்க பேரை அனுப்பலாமா, மிஸ்டர் சந்திரபோஸ்? சம்மதமா? ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம். ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்து வருஷ வருமானம், நடத்திய வழக்குகள், தீர்ப்பு ஏடுகளில் வந்தவை எத்தனை, நெருங்கிய உறவினர் யாராவது நீதித்துறையில் உண்டா. அந்தக் கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. அப்பா முத்திருளாண்டி ராமநாதபுரம் ஜில்லா கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் டவாலி. வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல். நீதிபதி வராந்தாவில் நடந்து வரும்போது பத்தடி முன்னால் "உஷ்... உஷ்..." என்று சொல்லிக்கொண்டே போவார். அது நீதித்துறையா? சட்டப்படி பார்த்தால் இல்லை. இவர்கள் கேட்பது நீதிபதி, வக்கீல் என்று அந்த மாதிரி. 'இல்லை' என்று எழுதினார். சரியான பதில்தான். எந்த வக்கீலைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அந்த 'இல்லை' மூன்று வருஷமாகப் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி இருக்கிறது. நாக்கு அங்கேயே போகிறது.

அன்றைக்கு ஆறு பெயர்கள் போயின. இங்குள்ள மூத்த நீதிபதிகள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாநில அரசு பார்த்தது, டெல்லியில் அமைச்சகம் பார்த்தது, உளவுத்துறை வீடு தேடி வந்து பார்த்தது, கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகளும் பார்த்து, ஆறு பேரும் தகுதியானவர்கள் என்று எழுதி அனுப்பினார்கள். நியமன உத்தரவு நாலு பேருக்கு வந்தது. பட்டியலில் மூன்றாவது பெயர் சந்திரபோஸ், நாலாவது மெய்யப்பன். மூன்றைத் தாண்டி நாலுக்குக் குதித்தார்கள். மீதி இரண்டு பெயரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? வாய்தா மேல் வாய்தா போடும் முன்சீப் கோர்ட்டில்கூட அடுத்த தேதி என்று ஒன்று சொல்வார்கள். ஒரு கடைநிலை ஊழியரை வேலையிலிருந்து நீக்கினால்கூடக் காரணம் எழுதித் தர வேண்டும் என்று இதே கட்டிடத்தில் தொண்டை வறள வாதாடியவர் சந்திரபோஸ். எழுதித் தரவும் வைத்தார். அவருக்குக் காரணம் சொல்ல ஆள் இல்லை.

பலகையில் எண் மாறியது. முப்பத்திரண்டு. அந்த மூன்றாவதைத் தாண்டிப்போன நாலாவது, இப்போது மேடையில் உயர்ந்த நாற்காலியில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீதிபதி மெய்யப்பன்தான். பதினேழு வருஷம் எதிரெதிர் அறையில் வக்கீல் தொழில் பார்த்தவர்கள். 'போஸு, கார் சாவி இருக்கா' என்று சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்துப் போகிற பழக்கம். இன்று அவரைப் பார்த்து 'மை லார்ட்' என்று சொல்வதில் சந்திரபோஸுக்குச் சங்கடமில்லை. அது நாக்குக்குப் பழகிய வார்த்தை, யாரை உட்கார வைத்தாலும் சொல்லும். சங்கடம் மெய்யப்பனின் அன்புதான். போன தீபாவளிக்குப் பார்க்கப் போனபோது தோளில் கைபோட்டு, "பொறுமையா இரு போஸு. ஏதாவது கேஸ எடுத்து வம்புல மாட்டிக்காத. அரசாங்கத்துக்கு எதிரா ஆர்ப்பாட்டமா ஒண்ணும் வேண்டாம். வாயைக் கட்டிக்கிட்டு இரு, வந்துரும்" என்றார். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது. வக்கீலுக்குச் சொல்லும் புத்தியா இது? ஆனால் அதைத்தான் அவர் சொல்வதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே சந்திரபோஸ் செய்துகொண்டிருந்தார். அதுதான் எரிச்சல். யாரும் கேட்காமலே, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே, தன்னைத்தானே பாதி நீதிபதியாக்கிக்கொண்டார். கேன்டீனில் போண்டா சாப்பிடுவதை நிறுத்தினார். வக்கீல்கள் சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை. எதைக் கேட்டாலும் 'ம்' என்று இரண்டு பக்கமும் சாயாத ஒரு சத்தம். நடைகூட மாறிவிட்டது என்று மகள் மதிவதனி நடந்து காட்டினாள். கட்சிக்காரர்கள் அதைவிடச் சுறுசுறுப்பு. சார் ஜட்ஜ் ஆகிவிடுவார், கேஸ் நடுவில் நிற்கும் என்று வேறு வக்கீலைப் பார்த்தார்கள். கேஸும் இல்லை, பதவியும் இல்லை. எதிரில் வருகிறவர்கள் மட்டும் விடாமல், "என்ன லார்ட்ஷிப், எப்ப?" என்கிறார்கள். பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டியிருக்கிறது.

முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. இரண்டும் வாய்தா. மெய்யப்பன் வேகமாகத்தான் போவார், வக்கீலாக இருந்தபோதும் அப்படித்தான். இந்த வேகம் சந்திரபோஸுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய வழக்கு நாற்பத்து நாலு. அது பிரச்சினை இல்லை, சின்ன விஷயம், ஐந்து நிமிஷம். பிரச்சினை அதற்கு முந்தியது, நாற்பத்து மூன்று. நேற்றுச் சாயங்காலம் பட்டியல் வந்ததும் தன் வழக்கைத் தேடியபோது மேல் வரியில் கண்ணில் பட்டது: நீதிமன்ற அடிப்படைப் பணியாளர் சங்கமும் எண்பத்தாறு பேரும், எதிர், அரசு. அதை நினைக்கக் கூடாது என்று பலகையைப் பார்த்தார். பலகையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

நியமன உத்தரவு எதனால் நின்றது? இந்தக் கேள்வியை இனித் தொடுவதில்லை என்று எத்தனை தடவை முடிவு செய்தாயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மெலிந்த ஆள், கட்டம் போட்ட சட்டை. கையில் நோட்டுக்கூட இல்லை. நோட்டு இல்லாதவன்தான் ஆபத்தானவன், எல்லாவற்றையும் மனசில் எழுதிக்கொள்கிறான். சர்க்கரை இல்லாத காப்பி கேட்டார், தமயந்தி கைமறதியாகச் சர்க்கரை போட்டுவிட்டாள். அதையும் குடித்தார். குடித்துவிட்டு, "ரொம்ப நல்ல காப்பி" என்றார். அந்த 'ரொம்ப'வில் ஏதாவது இருந்ததா? "உங்க மச்சான் என்ன பண்றார் சார்?" என்று கேட்டார். தமயந்தியின் தம்பி ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறான், ஊரில் பாதிச் சுவரில் அவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அதுவா? இல்லை, அந்தக் கட்சியோடு டெல்லிக்குச் சண்டையும் இல்லை, சகவாசமும் இல்லை. உப்பளத் தொழிலாளர் வழக்கா? அதில் அரசாங்கத்தைக் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினார். ஆனால் மெய்யப்பனும் அந்த வழக்கில் கூட நின்றார், பக்கத்து மேஜையிலிருந்து குறிப்பு எடுத்துக்கொடுத்தார். சட்டக் கல்லூரி ஆண்டு விழாவில் பேசியதா? பத்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ மனுவில் நூறு பேரோடு போட்ட கையெழுத்தா? எதிர்வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா? தண்ணீர் லாரி விஷயத்தில் அவரோடு மனஸ்தாபம் உண்டு. தண்ணீர் லாரிக்காக ஒருவன் நீதிபதியாக முடியாமல் போகுமா? போகாது என்று சட்டப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இல்லை, அந்தப் படிவத்தில் எழுதிய 'இல்லை'யா? உறவினர் யாரும் நீதித்துறையில் இல்லை என்று எழுதியவன் உண்மையை மறைத்தான் என்று ஏதாவது... சே. டவாலி மகன் என்பது குற்றமா, அதை எழுதாதது குற்றமா? இரண்டுமில்லை. அப்படியானால் எது? மறுபடி காப்பிக்கு வந்தார்.

முப்பத்தெட்டு. முன்வரிசையில் யாரோ கோப்பைக் கீழே போட்டார்கள். நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்ற டவாலி அந்தச் சத்தத்துக்கு முகம் சுளித்து, வாய் திறக்காமல், கண்ணாலேயே உஷ் என்றார். அவர் சோலைமலை. சந்திரபோஸ் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார். இப்போது பார்த்துவிட்டார். நரைத்த மீசை, தோய்த்துத் தேய்த்த வெள்ளை, சிவப்புப் பட்டை, ஒரு கை நாற்காலியின் முதுகில் படாமல் ஒரு விரல்கடை தள்ளி. நீதிபதி எழும்போது சரியாகப் பின்னால் இழுக்க வேண்டும், உட்காரும்போது சரியாக முன்னால் தள்ள வேண்டும். அரை நொடி பிந்தினால் ஒரு நீதிபதி தரையில் உட்காருவார். அப்பா இதை விளையாட்டாகச் சொல்வார். அப்பா கோர்ட்டுக்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. காலை இரண்டரை மணி நேரம், மாலை இரண்டரை மணி நேரம் நிற்பார். வீட்டுக்கு வந்து காலை மடக்க முடியாமல் நீட்டியே வைத்திருப்பார், கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கறுத்திருக்கும். அம்மா விளக்கெண்ணெய் தடவுவாள். நீதிபதியின் பெயரை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை, 'ஐயா'தான். நீதிபதிக்கு அவர் 'டவாலி'. ஓய்வு பெறும் நாளன்று, நற்சான்று எழுத உட்கார்ந்த நீதிபதி நிமிர்ந்து, "ஆமா, உன் பேரு என்ன?" என்றார். ஆறு வருஷம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டவனின் பெயர் அந்த நீதிபதிக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா இதையும் விளையாட்டாகத்தான் சொன்னார். பதினைந்து வயசுச் சந்திரபோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

"இப்ப நீங்க சம்பாதிக்கிறதுல பாதிகூட வராதுப்பா ஜட்ஜ் சம்பளம், அப்புறம் எதுக்கு?" என்று மதிவதனி கேட்டாள். கார் உண்டு, பங்களா உண்டு, பென்ஷன் உண்டு என்று என்னத்தையோ சொல்லிச் சமாளித்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே பின்னால் திரும்பி, உங்க பேர் என்ன என்று கேட்க வேண்டும், அதுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். கேட்பதற்கு நீதிபதியாகத்தான் வேண்டுமா என்று அவள் திருப்பிக் கேட்பாள், அவள் அப்படித்தான். அதற்குப் பதில் கிடையாது. ஏனென்றால் பெயர் கேட்கிற சந்தர்ப்பம் போன வருஷமே வந்தது. வந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. சோலைமலையும் இன்னும் இரண்டு பேரும். "முத்திருளாண்டி அண்ணன் மகன்னு சொன்னாங்கய்யா. அதான் உங்ககிட்ட வந்தோம்" என்றார் சோலைமலை. பதினெட்டு, இருபது வருஷம் தினக்கூலியாக வைத்திருந்துவிட்டுப் பிறகு நிரந்தரமாக்கினார்கள். இப்போது ஓய்வு பெறும்போது அந்தத் தினக்கூலி வருஷங்கள் கணக்கில் வராது, ஆகவே பென்ஷன் கிடையாது என்கிறார்கள். எண்பத்தாறு பேர். மனுவைக் கையில் வாங்கிப் புரட்டும்போதே இதை எப்படி ஜெயிப்பது என்று சந்திரபோஸுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தீர்ப்புகள் பெயரோடு ஞாபகம் வந்தன. எதிரில் அரசாங்கம், அதற்குப் பக்கத்தில் கோர்ட் நிர்வாகம். பெயர் போயிருக்கிற நேரத்தில் இரண்டு பேரோடும் மோதுவதா? "தப்பா நினைக்காதீங்க. இப்ப என் பேரு போயிருக்கு. நான் ஆஜராகக் கூடாது" என்றார். கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முகத்தில் அறைவது போல ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் தேவலை. சோலைமலை, "பரவால்லைங்கய்யா, நம்ம ஆளு ஒருத்தர் அங்கன மேல உக்காந்தா அதவிட எங்களுக்கு என்ன வேணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவர்கள் மறந்துவிட்டுப் போன மனு நகலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சந்திரபோஸ் படித்தார். எதற்குப் படித்தார் என்று அவருக்கே தெரியாது.

நாற்பது. நாற்பத்து மூன்றுக்கு வர வேண்டிய வக்கீல் ஜெபராஜைக் காணோம். அந்த வழக்கை ஜெபராஜிடம் அனுப்பியதும் இவர்தான். கெட்டிக்காரன், ஆனால் ஒரே நேரத்தில் நாலு கோர்ட்டில் வழக்கு வைத்திருப்பவன். கதவைப் பார்த்தார். கதவு திறந்தது, வேறு யாரோ. கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். கொடுத்துவிட்டால் என்ன? பட்டியலில் நின்றுபோன இன்னொருவர் சகாயராணி, அவர் போன மாதம் கொடுத்துவிட்டார். கொடுத்த அன்று சாயங்காலம் எல்லாருக்கும் ஜிலேபி. இப்போது தினமும் யாரோடாவது உரக்கச் சண்டை போட்டுக்கொண்டு, பத்து வயசு குறைந்து நடமாடுகிறார். கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்த மறுவாரமே உத்தரவு வந்துவிட்டால்? அப்படி ஒருவருக்கு ஆனதாகச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை சம்மதத்தைத் திரும்பப் பெற்றாராம், வெள்ளிக்கிழமை பட்டியல் வந்ததாம், அதில் அவர் பெயர் முதலாவதாம். யார் அவர், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் அந்த ஆள் சந்திரபோஸின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறார். வயசு ஐம்பத்து நாலு முடியப்போகிறது, நீதிபதிக்கு ஓய்வு அறுபத்திரண்டில். இனி வந்தாலும் ஏழு வருஷம். மெய்யப்பனுக்குக் கீழே, மெய்யப்பனுக்குப் பின் வந்தவர்களுக்கும் கீழே. இருந்தாலும் ஏழு வருஷம் ஏழு வருஷம்தானே. வருமா? வராது. வரலாம். கொடுக்காமல் இருந்தால் வரலாம், வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் வரலாம். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. ஒரு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் நாற்பத்திரண்டே இழுக்கட்டும், அந்த ஐட்டம் மதியத்துக்குப் போகட்டும், மதியம் ஜெபராஜ் வந்துவிடுவான். நாற்பத்திரண்டில் இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்களாம். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது.

"ஐட்டம் நாற்பத்து மூணு" என்றார் கோர்ட் ஆபீசர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மெய்யப்பன் வழக்குக் கட்டைப் பிரித்தார். "மனுதாரருக்கு யாரு?" மறுபடியும் கேட்டார். அரசு வழக்கறிஞர் எழுந்து, ரொம்ப வருத்தத்தோடு சொல்வது போன்ற குரலில், "மை லார்ட், போன தடவையும் யாரும் வரலை. அதுக்கு முந்தின தடவையும் வரலை" என்றார். சந்திரபோஸ் சோலைமலையைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. அந்த மனிதர் அசையவில்லை. அசையக் கூடாது. எண்பத்தாறு பேரில் ஏழாவது பெயர் அவருடையது, நகலில் படித்தது ஞாபகம் இருக்கிறது. தன் வழக்கு கூப்பிடப்படுவதைக் காதால் கேட்டுக்கொண்டு, கூப்பிடுகிற நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, 'ஐயா, நான் இருக்கேன்' என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அந்தச் சிவப்புப் பட்டை போட்டவன் இந்த அறையில் பேசக் கூடாது, பிறரைப் பேசாமலிருக்கச் செய்வதுதான் அவன் வேலை. விரல்கடை தள்ளியிருந்த கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

சந்திரபோஸ் எழுந்தார். இதில் தப்பில்லை. வராத வக்கீலுக்காக அறையில் இருக்கும் எந்த வக்கீலும் எழுந்து, கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று கேட்கலாம். தினமும் பத்துப் பேர் செய்கிற மரியாதை, யாரும் அதைப் பதிவு செய்வதில்லை. "மை லார்ட், ஒரு பாஸ் ஓவர். மிஸ்டர் ஜெபராஜ் வேற கோர்ட்டில் இருப்பார்."

"ஏற்கெனவே ரெண்டு தடவை வாய்தா கொடுத்தாச்சு, மிஸ்டர் சந்திரபோஸ். நீங்க ஆஜராகறீங்களா?"

மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலே மெய்யப்பனின் கண்கள் அவரைப் பார்த்தன. கடுமையே இல்லை. அதே தீபாவளி அன்பு. உட்காரு போஸு என்றது அந்தப் பார்வை. அரசு வழக்கறிஞரும் திரும்பிப் பார்த்தார், லேசாகச் சிரித்தார்.

"இல்லை, மை லார்ட்" என்றார் சந்திரபோஸ்.

உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது பாக்கெட்டில் கடிதத்தின் மடிப்பு நெஞ்சில் குத்தியது. எத்தனை சுலபமாக வருகிறது இந்த இல்லை. படிவத்தில் எழுதினோம், ஆபீஸ் வாசலில் சொன்னோம், இதோ எழுந்து நின்று கோர்ட்டில் சொல்லியாயிற்று. காற்று பிடரியில் அடித்தது. மேடையில் மெய்யப்பன் உத்தரவு சொல்ல ஆரம்பித்தார், சுருக்கெழுத்தாளர் பேனாவை ஓட்டினார். "மூன்று முறை அழைக்கப்பட்டும் மனுதாரர் தரப்பில் வழக்கறிஞர் எவரும் ஆஜராகவில்லை. கமா. மனுதாரர்களில் எவரும் நேரிலும் வரவில்லை. ஃபுல் ஸ்டாப். ஆகவே..."

பொய். சந்திரபோஸுக்குக் காது சுட்டது. முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பொய். வேண்டுமென்று சொல்லும் பொய்யில்லை, வழக்கமாக எழுதும் வரி, ஆயிரம் உத்தரவில் இருக்கும். ஆனால் பொய். ஒரு ஆள் உயிரோடு, இரண்டடி தூரத்தில், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். அவர் வரவில்லை என்று அவர் முன்னாலேயே எழுதுகிறார்கள், அவர் அதையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு வாக்கியம் தப்பாகப் பதிவானால் சந்திரபோஸுக்குத் தாங்காது, இருபத்தொன்பது வருஷத் தொழில் அது ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. டெல்லி ஞாபகம் வரவில்லை. எழுந்துவிட்டார்.

"அது தப்பு, மை லார்ட்."

பேனா நின்றது. மெய்யப்பன் நிமிர்ந்தார். "எது?"

"மனுதாரர் யாரும் நேரில் வரலைங்கிறது. ஒருத்தர் கோர்ட்டில் இருக்கார்."

"எங்கே?"

"உங்க நாற்காலிக்குப் பின்னாலே, மை லார்ட்."

மெய்யப்பன் முதலில் புரியாமல் சந்திரபோஸையே பார்த்தார். பிறகு திரும்பினார். அந்த நாற்காலி சுழலாது, உடம்பை முழுக்கத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். சிவப்புப் பட்டையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். சோலைமலை கையை நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீங்களா? உங்க பேரு என்ன?"

"சோலைமலைங்கய்யா." அந்தக் குரலில் அந்த அறை அதுவரை உஷ்ஷைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

"எவ்வளவு நாளா இந்தக் கோர்ட்ல இருக்கீங்க?"

"நீங்க பதவியேத்த நாள்லேருந்துங்கய்யா."

மெய்யப்பன் முன்பக்கம் திரும்பி, மனுதாரர் பெயர்களில் விரலை ஓட்டி, ஏழாவதில் நிறுத்தினார். நிமிர்ந்தபோது காதுமடல் சிவந்திருந்தது. "உத்தரவை அடிச்சிடுங்க" என்றார் சுருக்கெழுத்தாளரிடம். "என் ஆபீஸ் ஆள் மனுதாரரா இருக்கிறப்ப நான் இதை விசாரிக்கிறது சரியில்லை. வேற பெஞ்சுக்கு அனுப்பறேன், ரெண்டு வாரத்துல. கட்டு அங்கே போறதுக்கு முன்னால மனுதாரர் தரப்பு ஆஜர் பதிவாகணும். இல்லேன்னா அங்கேயும் இதே கதிதான்." கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை அந்தப் பார்வையில் அன்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வெறும் கேள்விதான் இருந்தது. "மிஸ்டர் சந்திரபோஸ், யாருக்காக நிக்கறீங்க?"

அரசு வழக்கறிஞர் சிரிக்கவில்லை, செல்போனை மேஜைக்கு அடியில் வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் வளாகம் முழுக்கத் தெரியும், இந்த வாரத்துக்குள் தெரிய வேண்டிய இடத்துக்கும் தெரியும். மூன்று வருஷம் வாயைக் கட்டியது, போண்டாவை விட்டது, நடையை மாற்றியது எல்லாம் ஒரு வார்த்தையில் வீண். நினைக்க வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, பெருமையாக ஒன்றும் இல்லை. இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாம் என்ற ஆத்திரம்தான் வந்தது.

"அவருக்காக, மை லார்ட். எண்பத்தாறு பேருக்காகவும். ஜெபராஜோடு சேர்ந்து ஆஜராகறேன், வக்காலத்தை இன்னிக்கே தாக்கல் பண்றேன்."

கோர்ட் ஆபீசர் பெயரை எழுதிக்கொண்டார். மணி ஒன்று. மெய்யப்பன் எழுந்தார், நாற்காலி சரியாகப் பின்னால் நகர்ந்தது. சோலைமலை கோலை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். கதவைத் தாண்டியதும் வராந்தாவில் அவருடைய "உஷ்... உஷ்..." கேட்டது, தூரம் போகப் போகத் தேய்ந்தது. சந்திரபோஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மூன்று தீர்ப்புகளின் பெயரையும் மறப்பதற்குள் குறித்துவிட வேண்டும். மேஜையில் காகிதம் தேடினார், இல்லை. உள்பாக்கெட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.